மெக்சிகோ – புவேர்ட்டோ ரிக்கோ குத்துச்சண்டைப் பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே இந்த இரண்டு பெயர்களிலும் வந்து முட்டிக்கொள்வார்கள். வர்ணனையாளர் ஒரு சாதாரணப் பத்துச் சுற்று ஆட்டத்தைக்கூட "மெக்சிகோவா, புவேர்ட்டோ ரிக்கோவா" என்று அறிவிப்பார், அரங்கில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாடுகளுக்கும் இடையே உண்மையில் ஏதாவது சண்டை உண்டா?

இல்லை. எல்லைத் தகராறு கிடையாது, போர் கிடையாது. இரண்டு இடத்திலும் ஸ்பானிய மொழிதான், ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோ தனிநாடுகூட இல்லை. அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவு அது. ஆனால் ஒலிம்பிக்கில் அதற்குத் தனி அணி உண்டு. தீவின் கொடி தனியாக ஏறும் இடங்கள் குறைவு. அதில் ஒன்று விளையாட்டு, விளையாட்டிலும் முதலிடம் குத்துச்சண்டைக்கு. ரிங்கில் தீவுக்காரன் ஒருவன் ஜெயித்தால் அங்கே ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதி எண்ணிக்கையில் இருக்கிறது. மெக்சிகோவில் சுமார் 13 கோடிப் பேர். தீவில் 32 லட்சம்தான் இருக்கும். இவ்வளவு சின்ன இடம் அவ்வளவு பெரிய நாட்டுக்குச் சமமாக நின்று அடிக்கிறது என்றால் பெரியவனுக்கும் உறுத்தத்தானே செய்யும்?

எப்போது தொடங்கியது?

புவேர்ட்டோ ரிக்கோவின் முதல் உலகச் சாம்பியன் சிக்ஸ்டோ எஸ்கோபார். 1934 ஜூன் மாதம் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பேண்டம்வெயிட் (118 பவுண்டு பிரிவு) பட்டத்தை வென்றார். 9ஆவது சுற்றில் அவர் நாக்அவுட் செய்த ஆள் ரொடோல்ஃபோ கசனோவா, ஒரு மெக்சிகோக்காரர்! தீவின் குத்துச்சண்டை வரலாறே ஒரு மெக்சிகோக்காரரை வீழ்த்தித்தான் தொடங்குகிறது. ஆனால் அன்றைக்கு அதை யாரும் பகை என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1978இல்.

1978இல் என்ன நடந்தது?

கார்லோஸ் சாராத்தே என்ற மெக்சிகோக்காரர் 52 சண்டைகள் ஆடி 52லும் ஜெயித்திருந்தார். அதில் 51 நாக்அவுட். எதிரே சான் ஹுவானைச் சேர்ந்த வில்ஃப்ரெடோ கோமெஸ். முதல் சண்டை டிரா, அதற்குப் பிறகு 21 வெற்றி, 21ம் நாக்அவுட். இப்படி இரண்டு பேர் ஒரே ரிங்கில் ஏறுவது வரலாற்றிலேயே அபூர்வம். சாராத்தே 118 பவுண்டு பிரிவின் சாம்பியன். ஒரு படி மேலே ஏறி 122 பவுண்டில், அதுவும் கோமெஸின் ஊரிலேயே வந்து ஆட ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 28 அன்று சான் ஹுவானில் நடந்தது. 4ஆவது சுற்றிலேயே சாராத்தே கீழே விழுந்தார். 5ஆவதில் கதை முடிந்தது. கோமெஸ் அந்த எடையில் பிறகு மொத்தம் 17 முறை பட்டத்தைக் காத்தார், பதினேழும் நாக்அவுட்.

மெக்சிகோ அதை மறக்கவில்லை.

1981 சண்டையைப் பற்றி எல்லாரும் ஏன் ஒரு மாதிரி தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்?

இந்தப் பகையிலேயே பெரிய இரவு அதுதான் என்பது என் கட்சி.

மூன்று வருடம் கழித்து கோமெஸ் அதே தப்பைச் செய்தார், சாராத்தே செய்த தப்பை. 122இலிருந்து 126க்கு ஏறி அங்கே இருந்த சாம்பியனைத் தேடிப் போனார். அந்தச் சாம்பியன் சல்வடோர் சான்செஸ், 22 வயது மெக்சிகோ இளைஞர். கோமெஸின் கணக்கு அப்போது 32 வெற்றி, 32 நாக்அவுட், அந்தப் பழைய ஒரு டிரா. சண்டைக்கு முன்பு வாயால் அடித்ததும் கோமெஸ்தான். சான்செஸ் அதிகம் பேசாதவர்.

லாஸ் வேகாஸ், ஆகஸ்ட் 21. மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே கோமெஸ் கீழே கிடந்தார். எழுந்தார், அதுதான் அதிசயம். கன்ன எலும்பு உடைந்து, கண் வீங்கி மூடிக்கொள்ள, அப்படியே எட்டாவது சுற்றுவரை அடித்துக்கொண்டும் அடிவாங்கிக்கொண்டும் நின்றார். நடுவில் சில சுற்றுகளில் அவர்தான் முந்துகிறாரோ என்றுகூடத் தோன்றும். சான்செஸ் பதறவே இல்லை. பின்வாங்கிக்கொண்டே, வருகிறவனை நேரம் பார்த்துத் தட்டினார். எட்டாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார்.

தாழ்ந்த குரலுக்குக் காரணம் அடுத்த வருடம் நடந்தது. 1982 ஜூலையில் சான்செஸ் நியூயார்க்கில் அஸுமா நெல்சனை 15ஆவது சுற்றில் வென்றார். மூன்று வாரம்தான். ஆகஸ்ட் 12 அதிகாலை மெக்சிகோவில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 23. கோமெஸுடன் மறுபோட்டி என்ற பேச்சு அதோடு நின்றது.

அதே டிசம்பரில் கோமெஸ் 122 பவுண்டுக்கே திரும்பி, நியூ ஆர்லியன்ஸில் லூப்பே பின்டோர் என்ற இன்னொரு மெக்சிகோக்காரரை 14ஆவது சுற்றில் நிறுத்தினார், அதாவது எதிராளி மேற்கொண்டு ஆட முடியாமல் சண்டை நிறுத்தப்பட்டது. வெறும் சண்டை என்று பார்த்தால் 1981ஐவிட இது சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு வாதாட மாட்டேன்.

ஏன் பெரும்பாலும் சின்ன எடைகளிலேயே நடக்கிறது?

இரண்டு இடத்திலும் அந்த உடல்வாகுள்ளவர்கள்தான் அதிகம் ரிங்குக்கு வருகிறார்கள். 47 கிலோவிலிருந்து 67 கிலோவுக்குள் இருக்கும் பிரிவுகள்தான் இவர்களுடைய களம். ஹெவிவெயிட்டில் எதிரெதிரே நிற்க ஆள் கிடைப்பது அரிது. அதனால் ஒரே பட்டத்துக்கு இவர்கள் இருவரும் மோதிக்கொள்வது ஏறக்குறையத் தவிர்க்க முடியாதது.

மெக்சிகோ பாணி, புவேர்ட்டோ ரிக்கோ பாணி என்று சொல்வது உண்மையா?

பாதி உண்மை. மெக்சிகோக்காரர் முன்னேறி வந்து உடம்பில் அடிப்பார், தீவுக்காரர் காலாட்டம் ஆடித் தூரத்திலிருந்து ஜாப் (முன்கையை நீட்டி அடிக்கும் நேர்க்குத்து) போடுவார் என்பது பொதுவான பேச்சு. மேலே சொன்ன சண்டையைப் பாருங்கள்: முன்னேறி வந்தவர் தீவுக்காரர் கோமெஸ், பின்வாங்கி அடித்தவர் மெக்சிகோவின் சான்செஸ். மெக்சிகோவின் ஹுவான் மனுவேல் மார்க்கேஸ் முழுக்க முழுக்க எதிரடி ஆட்டக்காரர். தீவின் மிகேல் கோட்டோவின் இடது ஹூக்கை (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) பார்த்தால் மெக்சிகோவில் பிறந்தவரோ என்று தோன்றும்.

ஆனால் கல்லீரல் அடி மட்டும் மெக்சிகோவின் சொந்தச் சரக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். கல்லீரல் வலது விலாவுக்குக் கீழே இருக்கிறது. எதிரே நிற்பவரின் இடது ஹூக் நேராக அங்கேதான் போய்ச் சேரும். தலையில் பட்ட அடிபோல் மயக்கம் வராது. ஒரு கணம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் கால்கள் தாமாக மடங்கும். புத்தி தெளிவாக இருக்கும், ஆனால் எழுந்திருக்க முடியாது. மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸ் இந்த ஒரு அடியை வைத்தே எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பினார்.

சாவேஸ் புவேர்ட்டோ ரிக்கோ வீரர்களோடு ஆடினாரா?

ஆடினார், பெரியவை இரண்டு. 1987 நவம்பரில் எட்வின் ரொசாரியோவை 11ஆவது சுற்றில் நிறுத்தினார். பலர் சாவேஸின் சிறந்த ஆட்டம் அதுவே என்பார்கள். 1992 செப்டம்பர் 12 அன்று ஹெக்டர் கமாச்சோவைப் புள்ளிக் கணக்கில் வென்றார். கமாச்சோ வாய்ச்சவடாலுக்குப் பேர்போனவர். அன்று 12 சுற்றும் உடம்பில் அடிவாங்கினார், ஆனால் விழவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக அவரை வெறுத்தவர்களும் மரியாதை கொடுத்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். செப்டம்பர் 16 மெக்சிகோவின் சுதந்திர நாள். லாஸ் வேகாஸ் அந்த வாரத்தையும், மெக்சிகோக்காரர்களின் இன்னொரு கொண்டாட்ட நாளான மே 5ஐயும் மெக்சிகோ வீரர்களுக்கென்றே ஒதுக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. தீவுக்காரர்களுக்கு அதேபோல் ஜூன் மாதம்: நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ ஊர்வலம் நடக்கும் வாரம். கோட்டோ 2006, 2007, 2009, 2014 ஆகிய வருடங்களில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜூன் மாதம் ஆடியது தற்செயல் அல்ல.

டி லா ஹோயா அமெரிக்கர்தானே? அவரை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

இது அன்றைக்கே பெரிய தகராறு. ஆஸ்கர் டி லா ஹோயா லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோக் குடும்பத்தில் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றார். மெக்சிகோவில் ஒரு கூட்டம் அவரை முழுதாக ஏற்கவே இல்லை. ஆனால் 1999 செப்டம்பர் 18 அன்று தீவின் ஃபெலிக்ஸ் டிரினிடாடுக்கு எதிரே நின்றபோது அவர் மெக்சிகோக்காரராகிவிட்டார். எதிராளிதான் நம் கொடியைத் தீர்மானிக்கிறான் போலிருக்கிறது.

சண்டை என்று பார்த்தால் ஏமாற்றம்தான். டி லா ஹோயா முதல் எட்டொன்பது சுற்று அழகாக ஆடி, ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கடைசிச் சுற்றுகளில் ஓடினார். தீர்ப்பு டிரினிடாடுக்குப் போனது: ஒருவர் 115–113, இன்னொருவர் 115–114, மூன்றாமவர் 114–114. இன்றும் இதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள். டி லா ஹோயா ஜெயித்தார் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் ஓடியவருக்காக வருத்தப்பட மனம் வரவில்லை.

கோட்டோ – மார்கரிட்டோ விவகாரம் என்ன?

2008 ஜூலையில் தோல்வியே அறியாத கோட்டோவை மெக்சிகோவின் அன்டோனியோ மார்கரிட்டோ அடித்து நொறுக்கி 11ஆவது சுற்றில் வென்றார். ஆறு மாதம் கழித்து, 2009 ஜனவரியில் ஷேன் மோஸ்லியுடனான சண்டைக்கு முன் மார்கரிட்டோவின் கையில் கையுறைக்கு உள்ளே போகும் துணிக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் கட்டுக்குள் ஏதோ இருப்பதாகச் சொல்லித் தடுத்தார். பிரித்துப் பார்த்தால் கெட்டிப்படக்கூடிய பொருள் தடவிய துணி. கலிஃபோர்னியா அதிகாரிகள் உரிமத்தைப் பறித்தார்கள். தனக்குத் தெரியாது என்றார் மார்கரிட்டோ.

கோட்டோவுடன் ஆடியபோதும் அப்படி இருந்ததா? நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தீவில் யாரிடமும் போய் "நிரூபிக்கப்படவில்லை" என்று சொல்லிப் பார்க்காதீர்கள். 2011 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கில் மறுபோட்டி. மார்கரிட்டோவின் அறுவை செய்த வலது கண்ணையே கோட்டோ குறிவைத்தார். 10ஆவது சுற்றுக்கு மணி அடிக்கும் முன் மருத்துவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கோட்டோ கொண்டாடவில்லை. எதிராளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பட்டம் தரும் அமைப்புகளிலும் இந்தப் பகை உண்டா?

நான்கு பெரிய அமைப்புகளில் டபிள்யூபிசி 1963இல் மெக்சிகோ சிட்டியில் தொடங்கப்பட்டது. டபிள்யூபிஓ 1988இல் சான் ஹுவானில். ஆளுக்கு ஒன்று!

வளரும் வீரர் ஒருவரை எப்படி உருவாக்குகிறார்கள்?

எல்லா ஊரிலும் பாதை ஒன்றுதான். நான்கு சுற்றுச் சண்டையில் தொடக்கம், பிறகு ஆறு, எட்டு, பத்து. பட்டச் சண்டை 12. முதலில் தோற்கவே வருகிற எதிராளிகள், பிறகு அடி தாங்கக்கூடியவர்கள், பிறகு திருப்பி அடிக்கக்கூடியவர்கள். புரமோட்டருக்கு முக்கியம் தோல்விப் பத்தியில் இருக்கும் அந்தப் பூஜ்யம். டிக்கெட்டும் தொலைக்காட்சிப் பணமும் அதை நம்பித்தான்.

வேறுபாடு எங்கே என்றால், மெக்சிகோவில் ஆள் பஞ்சமே கிடையாது. சிறு ஊர் அரங்குகளில் வாராவாரம் சண்டை நடக்கும். கனெலோ ஆல்வாரெஸ் 15 வயதில் தொழில்முறைக்கு வந்துவிட்டார். மார்க்கேஸ் முதல் சண்டையிலேயே தகுதிநீக்கம் ஆகித் தோற்றவர். தோற்றால் அடுத்த மாதம் திரும்ப ஆடலாம், யாரும் தலையில் கைவைத்து உட்கார மாட்டார்கள். தீவில் அப்படியில்லை. நம்பிக்கை தருகிற பையன் ஒருவன் கிடைத்தால் 18 வயதிலேயே "அடுத்த டிரினிடாட்" என்று பெயர் சூட்டிவிடுவார்கள். பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். அவன் யாரை அடித்து வளர்வான்? பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து கூலிக்கு வரும் வீரர்களை.

இந்தப் பகையில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். பெரிய இரவுகளை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் தீவின் ஒவ்வொரு பையனும் பட்டச் சண்டைக்கு வெகு முன்பே பெயர் தெரியாத ஒரு மெக்சிகோக்காரனிடம் பரீட்சை எழுதுகிறான். அதில் சிலர் தேறுவதில்லை.

அப்படித் தேறாதவர்களுக்கு உதாரணம்?

ஹுவான் மனுவேல் லோபெஸ் உலகச் சாம்பியனே ஆனவர், 30 சண்டை, தோல்வி இல்லை. 2011 ஏப்ரலில் தன் தீவிலேயே, பயமோனில், மெக்சிகோவின் ஓர்லாண்டோ சலீடோவுடன் ஆடினார். சலீடோவின் கணக்கில் பத்துக்கும் மேற்பட்ட தோல்விகள். காகிதத்தில் பார்த்தால் சுலபமான வேலை. ஆனால் 14, 15 வயதிலிருந்து அடிவாங்கிப் பழகிய ஆளை நேரில் சந்திப்பது வேறு. சலீடோ 8ஆவது சுற்றில் நிறுத்தினார். 2012 மார்ச்சில் மறுபோட்டி, அதுவும் தீவில்தான், 10ஆவது சுற்றில் மீண்டும் நிறுத்தினார்.

இன்னொருவர் ஃபெலிக்ஸ் வெர்டேஹோ. "அடுத்த டிரினிடாட்" பட்டத்தைச் சுமந்தவர். 2016இல் மோட்டார் சைக்கிள் விபத்து, 2018 மார்ச்சில் டிஹுவானாவைச் சேர்ந்த அன்டோனியோ லொசாடாவிடம் பத்தாவது சுற்றில் தோல்வி. பிறகு அவர் ஒரு கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் சிறைக்குப் போனார். அதை விளையாட்டுக் கதையோடு சேர்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

16 சண்டை, 16ம் முதல் சுற்று நாக்அவுட் என்று ஒருவர் இருந்தாரே?

எட்கர் பெர்லாங்கா. நியூயார்க்கில் வளர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. முதல் 16 பேரையும் முதல் சுற்றிலேயே முடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள்: 16 சண்டைக்குப் பிறகும் அவருக்கு நான்காவது சுற்று எப்படி இருக்கும் என்று தெரியாது. பின்னால் வந்த சண்டைகள் புள்ளிக் கணக்குக்கு நீண்டன. 2024 செப்டம்பர் 14 அன்று கனெலோவிடம் போனார். 3ஆவது சுற்றில் விழுந்து எழுந்து, 12 சுற்றும் தாக்குப்பிடித்துத் தோற்றார். கேவலமான தோல்வி அல்ல. ஆனால் வளரும் வீரரின் சாதனைப் பட்டியலைப் படிக்கும்போது எத்தனை நாக்அவுட் என்பதைவிட எத்தனை சுற்று ஆடியிருக்கிறார் என்று பாருங்கள்.

இப்போது கவனிக்க வேண்டியவர்கள் யார்?

தீவின் பக்கம் முதல் பெயர் சாண்டர் சயாஸ். 2002இல் சான் ஹுவானில் பிறந்து, சிறுவயதில் ஃபுளோரிடாவுக்குப் போனவர். 16 வயதிலேயே டாப் ரேங்க் என்ற புரமோட்டர் நிறுவனம் ஒப்பந்தம் செய்துவிட்டது. எனக்கு முதலில் அவர்மேல் சந்தேகம்தான், மறுபடியும் ஒரு சுவரொட்டிப் பையன் என்று நினைத்தேன். 2025 ஜூலை 26 அன்று காலியாக இருந்த டபிள்யூபிஓ 154 பவுண்டுப் பட்டத்துக்காக ஆடி ஒருமனதான தீர்ப்பில் வென்றார், 22 வயதில். எதிராளி யார் என்று சொல்லவும் வேண்டுமா? மெக்சிகோவின் ஹோர்ஹே கார்சியா பெரெஸ். அன்று ஆடியதில் அவசரம் இல்லை. ஜாப் போட்டு, நகர்ந்து, பெரிய ஆளை அடிக்கவிடாமல் செய்தார். என் சந்தேகத்தைப் பாதி திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆஸ்கர் கொயாசோ அவ்வளவு பேசப்படுவதில்லை, எடை 105 பவுண்டு என்பதால்தான். 2023 மே மாதம் தன் ஏழாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றவர். சின்ன எடைதானே என்று ஒதுக்காதீர்கள், கை வேகத்துக்காகவே பார்க்கலாம்.

மெக்சிகோ பக்கம் மார்கோ வெர்டே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவில் வெள்ளி, அடுத்த வருடம் தொழில்முறைக்கு வந்தார். மெக்சிகோ வீரர்கள் பொதுவாக ஒலிம்பிக்குக்காகக் காத்திருப்பதில்லை, சீக்கிரமே காசுக்கு ஆட வந்துவிடுவார்கள். அதனால் இந்தப் பாதை அங்கே அபூர்வம். ஒலிம்பிக்கில் இவர் ஆடிய எடை சயாஸின் எடைக்குப் பக்கத்தில்தான். கணக்குப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் குத்துச்சண்டையில்?

2023 பிப்ரவரி 4, நியூயார்க். தீவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த அமாண்டா செரானோ, மெக்சிகோவின் எரிக்கா குரூஸ். நான்கு அமைப்புகளின் ஃபெதர்வெயிட் (126 பவுண்டு) பட்டங்களும் ஒரே இரவில் பணயம். குரூஸ் நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தத்தோடு பத்துச் சுற்றும் ஆடினார், செரானோ புள்ளிக் கணக்கில் வென்றார். ஆண்கள் பிரிவில் பகை ஆறிக்கிடந்த காலத்தில் அதைச் சூடாக வைத்திருந்தது இந்தச் சண்டைதான்.

பகை ஆறிவிட்டதா? ஜப்பான்தான் இப்போது மெக்சிகோவின் எதிரி என்கிறார்களே?

சின்ன எடைகளில் அது சரியான பேச்சுதான். லூயிஸ் நேரி என்ற மெக்சிகோ வீரர் 2017இல் ஜப்பானின் யமனாக்காவை வென்றார், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2018 மறுபோட்டிக்கு அதிக எடையோடு வந்து பட்டத்தைத் தராசிலேயே இழந்தார். ஜப்பான் ரசிகர்களுக்கு அது ஆறாத புண். 2024 மே 6 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ஜப்பானின் நவோயா இனோவேயை நேரி முதல் சுற்றிலேயே கீழே தள்ளினார், அரங்கமே உறைந்தது. இனோவே எழுந்து 6ஆவது சுற்றில் கணக்கைத் தீர்த்தார்.

ஆனால் அது சில வருடத்துக் கோபம். இது 1934இலிருந்து வருவது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1982 கோமெஸ் – பின்டோர் முதலில். யார் என்று தெரியாமலே பார்த்தாலும் பிடிக்கும். அப்புறம் கோட்டோ – மார்கரிட்டோ இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இரவில். டிரினிடாட் – டி லா ஹோயாவுக்கு ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, சுற்றுக்குச் சுற்று நீங்களே 10–9 (சுற்றை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9) போட்டுப் பாருங்கள். சான்செஸ் – கோமெஸை எப்போது பார்த்தாலும் சரி, முதல் நிமிடத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.